ராணியம்மாவுக்கு முகம் போட்டது

என் வீட்டுக்காரி ஜாக்கெட் தைக்கிறவள். சர்க்கரை கண்ணைப் பிடித்ததும் மிஷினை விட்டாள். இடது கண் போய்விட்டது. வலதும் மங்கிக்கொண்டு வருகிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் திருப்பதி டாக்டர்.

அதற்கு முன்னாலேயே ஆசைப்பட்டு, மகளிடம் சொல்லி ஆன்லைனில் ஒரு படம் வாங்கியிருந்தாள். பிரான்சு அரண்மனையில் அந்தக் காலத்தில் வரைந்த படம். ரோஜாப் பட்டில், வாசலில் நுழைய முடியாத அகலத்துக்குப் பாவாடை கட்டின ராணி. அதை நூலால் துணியில் போட வேண்டும். காகிதத்தில் கட்டம் கட்டமாகக் குறி இருக்கும். எண்ணிப் பார்த்து, ஒரு கட்டத்துக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல். கட்டம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊசியை நான் வாங்கிக்கொண்டேன்.

"அது மூஞ்சி எப்டி வருதுன்னு பாத்துட்டா போதும்யா" என்றாள்.

நான் நகரியில் பவர்லூம் ஓட்டினவன். தறியில் துணி ஓரத்திலிருந்து வரிசை வரிசையாகத்தான் வளரும். அதே மாதிரி கீழ் ஓரத்தில் ஆரம்பித்தேன். பாவாடை என்றால் ஒரு ரோஜா நிறம் என்று நினைத்தேன். பதினேழு இருந்தது. மடிப்பு, அதன் மேல் சுருக்கு, அதன் மேல் ரிப்பன், பூ. மூன்று மாதத்தில் முழங்கால்கூடத் தாண்டவில்லை.

தினமும் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள்.

"இன்னாய்யா, இன்னும் பாவாடைதானா? இவ்ளோ துணி கட்டிக்கினு எப்டி நடந்தா?"

"இரும்மே. மேலதான் போய்க்கினு இருக்கேன்."

ஒரு நாள் காலையில் காபி டம்ளரை நீட்டினேன். அவள் கை டம்ளருக்கு இந்தப் பக்கம் வெறும் காற்றைப் பிடித்தது. விரலைப் பிடித்து டம்ளரில் வைத்தேன்.

அன்றைக்கே பாவாடையை விட்டேன். பாதி வரிசையில் நூலை அறுத்தது அதுதான் முதல் தடவை. வெறும் துணியில் முகம் வருகிற இடம் வரைக்கும் மேலே எண்ணிக்கொண்டு போனேன், பத்துக் கட்டத்துக்கு ஒரு குண்டூசி குத்தி. இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு கணக்கு வந்தது. மகள் எண்ணிச் சொன்னாள். கன்னத்தில் ஆரம்பித்தேன்.

பதினோரு நாளில் முகம் முடிந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு இல்லை, பாதிப் பாவாடை வரைக்கும் வெள்ளைத் துணிதான்.

மாடியில், வெயிலில் கொடுத்தேன். வலது கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்து, மெல்ல நகர்த்தினாள். ரொம்ப நேரம்.

"வயசுப் புள்ள. முடி ஏன்யா நரைச்சிக்கீது?"

"மாவு பூசிக்குவாங்களாம். படம் வந்த பெட்டியில போட்டுக்கீதுன்னு பாப்பா சொல்லுச்சு."

"கன்னத்துல கருப்பா இன்னா? தப்பாப் போட்டியா?"

"படத்துலயே அப்டித்தான்."

"திருஷ்டிப் பொட்டுய்யா அது."

அது ஒரே ஒரு தையல். கடுகில் பாதி இருக்கும்.

துணியைக் கையில் கொடுத்தாள். "இனிமே நிதானமா பாவாடையைப் போடு" என்றாள்.