பின்னால் நின்றவள்

இதை நான் சொல்லச் சொல்ல எங்கள் வீட்டுக்காரர் எழுதுகிறார். நான் பேனா பிடித்தால் எழுத்து போகப் போகப் பொடியாகிவிடுகிறது. அவர் என் பேச்சை மாற்றி எழுதினால் விடமாட்டேன், திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பேன்.

என் பெயர் எஸ்தர். கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துவந்தேன். இருபத்தைந்து வருஷம் சரிவில் நடந்த கால் இது. போன வருஷம் மழை முடிந்த சமயம் விழ ஆரம்பித்தேன். முன்பக்கமாக வழுக்கி விழுந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் விழுந்தது பின்பக்கம், யாரோ தோளைப் பிடித்து இழுத்த மாதிரி. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. ஆனால் காதுக்குள் ஓயாத இரைச்சல். அடுப்படியில் நின்றால் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நிற்பாள். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள்.

அது ராசாத்தி என்று நம்பினேன். பத்து வருஷம் என் பக்கத்து வரிசையில் காய் எடுத்தவள். அந்த மழையில் ஒருநாள் மேட்டு வரிசை எனக்கு வந்தது. நான் முணுமுணுத்தேன். "நீ கீழ போக்கா, நான் மேல போறேன்" என்று மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மரக்கிளை முறிந்து அவள்மேல் விழுந்தது. எனக்கு வந்த சாவை அவள் வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்து நிற்கிறாள் என்று நடுங்கினேன். கர்த்தரும் அவள் பக்கம்தான் என்று நினைத்தேன்.

நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்திலும், ராசாத்தி என்னைப் பிடித்திருக்கிறாள் என்று அதே பேச்சு. என் பக்கத்து வரிசைக்கு வர ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் சபையில் போதகர் நெற்றியில் கைவைத்து ஜெபிக்கும்போது சிலர் பின்னால் சாய்வார்கள். பிடிக்க ஆள் நிற்கும். அன்றைக்கு என் பின்னால் நிற்கப் பயந்து பெண்கள் விலகிக்கொண்டார்கள். போதகர் விரல் பட்டதுதான் தெரியும், மரம் மாதிரி சாய்ந்தேன். சிமெண்டுத் தரையில் மண்டை உடைந்தது.

"விட்டுப் போய்ட்டா! அல்லேலூயா!" என்று கத்தினார்கள், கைதட்டினார்கள். எனக்குத் தலையில் ரத்தம். அவள் என் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஐயோ, அடுத்த ஞாயிறு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சபையில் எழுந்து, எனக்கு விடுதலை கிடைத்தது என்று சாட்சி சொன்னேன். எல்லார் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம், மறுத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்லிவிட்டு வீட்டுப் படியிலேயே விழுந்தேன்.

அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, பொய் சொல்லிட்டேன். இவ ராசாத்திதானா? நீரே காட்டும்" என்றேன். வேறு ஜெபம் வரவில்லை.

மூன்றாம் நாள் லயத்துக்குப் பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் சேச்சி என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடக்கும்போது உங்க இடது கை வீசவே இல்லையே. தேனியில நரம்பு டாக்டரைப் பாருங்க" என்றார்.

பஸ் பிடித்து மலையிறங்கினோம். டாக்டர் என் பின்னால் வந்து நின்றார். "லேசா இழுக்கப் போறேன், சமாளிச்சு நில்லுங்க" என்று தோளைத் தொட்டு இழுத்தார். அப்படியே அவர்மேல் சாய்ந்தேன். தயாராக நின்றவர் பிடித்துக்கொண்டார். பார்க்கின்சன் என்றார். உடம்பு சாயும்போது கால் தானாக எட்டு வைத்துத் தாங்க வேண்டுமாம், எனக்கு அது தாமதமாகிறதாம். காதையும் சோதித்தார்கள், காது மந்தமாகியிருந்தது, இரைச்சலும் அதனால்தானாம். பிறகு அவராகவே கேட்டார்: "பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி இருக்குமாம்மா? இந்த நோய்ல சிலருக்கு அப்படி இருக்கும்."

அவளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவர் கேட்டுவிட்டார். அந்த நாற்காலியிலேயே தேம்பித் தேம்பி அழுதேன். கர்த்தர் எனக்குப் பதில் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சபையில் என் பொய்யை ஒத்துக்கொண்டேன். போதகர் எழுந்துவந்து, "தப்பு என்னோடதுதான் அக்கா, உங்களைத் தரையில விழவிட்டேன்" என்றார். இப்போது யாரையும் உட்காரவைத்துத்தான் ஜெபிக்கிறார்.

ஆனால் வரிசை மாற்றியது நோய் இல்லையே. ராசாத்தி செத்ததிலிருந்து அவள் வீட்டுக்காரர் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. போய் நின்று, "எனக்காகத்தான் தம்பி அவ செத்தா" என்றேன். அவர் என்னைப் படியில் உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்:

"அக்காவுக்குக் கால் தடுமாறுது, நாளைக்கு மேட்டு வரிசை அதுக்கு வந்தா நான் வாங்கிக்கிறேன்னு முந்தின நாளே என்கிட்ட சொன்னா அக்கா. உங்ககிட்ட சொன்னா வீம்புக்கு மேல ஏறுவீங்களாம்."

என் நோயை முதலில் கண்டவள் அவள். டாக்டருக்கு முன்னால், எனக்கே முன்னால்.

எனக்குச் சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஒரு பொய் போதும். மாத்திரை உண்டு, காதுக்கு மெஷின் உண்டு, கைத்தடி உண்டு. தோட்டத்தில் இப்போது உட்கார்ந்து காய் பிரிக்கிற வேலை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் வீட்டில் யாராவது பின்னால் விழுந்தால் பேய் என்று ஒதுக்காதீர்கள். ஜெபம்பண்ணுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், கர்த்தர் பதில் தருவார்.

சில நாள் அவள் இன்னும் வந்து நிற்கிறாள். நோய்தான், தெரியும். இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு, "வாடி ராசாத்தி" என்று சொல்லி, அவள் போகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.