ஒரு கன்னத்தில் மட்டும் வெடித்த தனாக்கா

"சார், காய்ச்சல் ஒரு நோயா, நோயோட அடையாளமா?" என்று எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அடையாளம்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். போன ஆகஸ்டில் மியான்மரின் யங்கோனில் என் மனைவி சாரதா நோயில் படுத்தபோதுதான் அந்தப் பதில் எனக்கே சரியாகப் புரிந்தது.

அவள் தம்பி அந்த ஊரின் பசுந்தாங் பகுதியில் இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் போனோம். மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து சுமார் பதினெட்டு கிலோமீட்டர். டாக்ஸிக்கு இருபதாயிரம் கியாட், மழை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம். ஓட்டுநர் தங்கக் கோபுரத்தைக் காட்டினார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சாரதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவலி, கழுத்துப் பிடிப்பு. விமானத்தில் கோணலாகத் தூங்கியதால் என்று நினைத்தோம்.

மறுநாளும் வலி விடவில்லை. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை, ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். தம்பி மனைவி மா தீரி, பர்மியத் தமிழ்க் குடும்பத்துப் பெண், வெக்கைக்கு இதமாக இருக்கும் என்று சாரதாவின் கன்னங்களில் தனாக்கா பூசிவிட்டாள். மரப்பட்டையை இழைத்தெடுக்கும் பூச்சு அது. காய்ந்தபின் சிரித்தால் வெடிக்கும். சாயங்காலம் தேநீர் கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி, கொஞ்சம் சிரிங்க."

"தலை வெடிக்குது, உனக்குச் சிரிப்பு வேற காட்டணுமா?" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். வலக் கன்னத்தில் பூச்சு கோடுகோடாக வெடித்தது. இடக் கன்னம் பூசியபடியே இருந்தது.

"அண்ணே, சட்டை மாத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மருத்துவர் கழுத்தை வளைக்கப் பார்த்தார், வளையவில்லை. மூளையுறையில் அழற்சி, காசநோயாகக்கூட இருக்கலாம் என்றார். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். யங்கோனுக்கு முன் எங்கே என்று கேட்டார். சென்னை என்றேன். அதற்கும் முன்? ஜூலையில் மகள் வீட்டில், அமெரிக்காவின் கனெக்டிகட்டில். அங்கே தோட்ட வேலை செய்தபின் சாரதாவின் கெண்டைக்காலில் ஒரு சிவப்பு வட்டம் வந்து, தானே மறைந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

தினமும் மின்வெட்டு நடக்கும் யங்கோனில் விளக்கு அணைந்தால் யாரும் பல்பைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கோளாறு வேறெங்கோ என்று தெரியும். இதுவும் அப்படித்தான். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய், கடித்த இடத்தில் அப்படியொரு சிவப்பு வட்டமாகத் தொடங்கி, வாரக்கணக்கில் பதுங்கியிருந்து, மூளையுறை அழற்சியாகவும் முகவாதமாகவும் வெளிப்படலாம். பரிசோதனைக்கு ரத்தம் பாங்காக்குக்குப் போனது. முடிவுக்குக் காத்திராமல் ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றினார்கள். முடிவு வந்தபோது லைம்தான்.

தலைவலி சில நாளில் தணிந்தது. முகவாதத்தால் மூடாமல் நின்ற இடது கண் முழுதாக மூட ஒரு மாதம் ஆனது. அதுவரை அவள் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மருத்துவர் கேட்டதுபோல, கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் தங்கிய ஊர்களை, கடைசி ஊரிலிருந்து பின்னோக்கி, இப்போதே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.