அக்காவுக்கு ஒரு கட்டில்: பரவையும் எழுமலை சாலையும், ஒரு புதன்கிழமை

காரில் இருந்தவர்கள் நான்கு பேர். என் அக்கா கோமதி, வயது அறுபத்து நான்கு, பின் சீட்டில் இரண்டு தலையணைகளோடு. பக்கத்தில் நான். முன் சீட்டில் என் வீட்டுக்காரர், மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் அளவு டேப்பும். வண்டி ஓட்டியவர் பாண்டி அண்ணன், எங்கள் தெருமுனை டாக்ஸி ஸ்டாண்டுக்காரர். போன புதன்கிழமை காலை 7.25க்குத் திருநகரிலிருந்து கிளம்பினோம்.

எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய். ஈரல் வரைக்கும் போய்விட்டது. இனி ஊசி போட்டுப் பயனில்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் போன மாதம் சொல்லிவிட்டார். அதற்கென்றே இருக்கிற இல்லங்களில் சேர்க்கலாம் என்று சீட்டில் "பாலியேட்டிவ் கேர்" என்று எழுதியும் கொடுத்தார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை, அத்தான் போய் ஒன்பது வருடம் ஆகிறது. எங்களோடுதான் இருக்கிறாள். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வலி வந்தால் நான் செய்யக்கூடியதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று சொல்வது. அவன் கேட்கிறான், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் மருந்து கொடுக்கத் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

நானும் வீட்டுக்காரரும் மட்டும் போய்ப் பார்த்து வருவதாகத்தான் திட்டம். அக்கா விடவில்லை.

"நான் படுக்கப்போற கட்டிலு. நீ பாத்துட்டு வந்து நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்றதுக்கு அது என்னடி, சேலையா?"

இருபத்தெட்டு வருடம் ரேஷன் கடையில் எடை போட்டவள். அவளை ஏமாற்ற முடியாது.

முதல் நாள் ராத்திரியே தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பதினான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். டாக்டர் வாரத்துக்கு எத்தனை முறை, ராத்திரியில் நர்ஸ் உண்டா, போர்வை எப்போது மாற்றுவார்கள் என்று. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள், மற்றதெல்லாம் லைப்ரரியிலும் போனிலும் தேடிப் படித்துக்கொண்டதுதான். குறை இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள்.

முதல் இல்லம் பரவைக்குப் பக்கத்தில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. எங்கள் வீட்டிலிருந்து பைபாஸ் வழியாக 17 கி.மீ. 8.10க்குப் போய்ச் சேர்ந்தோம். பளபளவென்று தரை, வாசலில் பிள்ளையார், ஆளுக்கொரு தனி அறை, ஏ.சி. மாதம் 28,000 ரூபாய், மருந்துச் செலவு தனி. மேலாளர் தம்பி நல்ல மரியாதைக்காரர். என் கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் குழாயைத் திறந்து பார்ப்பார், சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார். "எல்லாம் சரியா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

ஒரு பதில்தான் இடித்தது. வலி அதிகமானால் கொடுக்கிற மார்ஃபின் மாத்திரை வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லையாம். "ரொம்ப முடியலைன்னா ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சுருவோம்மா" என்றார். சரி, 17 கி.மீ.தானே, நான் தினமும் வந்து பார்த்துக்கொள்ளலாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மேலாளரோடு அக்காவும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த ஒரு அறையில் படுத்திருந்த சோழவந்தானைச் சேர்ந்த ஒரு அம்மாவோடு நான் பேச்சுக் கொடுத்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாலும் வாய் ஓயவில்லை. வெற்றிலை இப்போது நூறு இலைக் கவுளி என்ன விலை, யார் வீட்டுக் கொடிக்கால் பட்டுப்போனது என்று பத்து நிமிடம் ஓடிவிட்டது. இவர்கள் கிளம்பியதும் நானும் எழுந்து, பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, ஏ மஞ்சச் சேலை!"

திரும்பினேன்.

"இம்புட்டு நேரம் பேசிட்டு சொல்லிக்காமப் போறியே. இது என்ன எழவு வீடா? நான் இன்னும் இங்கனதான் இருக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நம் பக்கத்தில் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்ல மாட்டோம் அல்லவா? சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் கால் தானாக நடந்துவிட்டது. உயிரோடு பேசிக்கொண்டிருந்த மனுஷியை நான் மனதுக்குள் எந்த வரிசையில் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. போயிட்டு வாரேன்."

"வா. வெறுங்கையோட வராத. கொழுந்து வெத்தலையா வாங்கிட்டு வா."

(வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் பஸ்ஸில் போய் ஒரு கவுளி கொடுத்துவிட்டு வந்தார். எண்ணி வாங்கிக்கொண்டாராம்.)

காரில் ஏறியதும் அக்கா சிரித்த சிரிப்பில் பாண்டி அண்ணனும் சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அக்கா சொன்னாள்: "உன்னய மட்டும் சொல்லிக் குத்தமில்ல வள்ளி. எட்டரைக்கு ராத்திரி டூட்டி முடிஞ்சு மூணு பொம்பளைக பையைத் தூக்கிட்டுப் போச்சுக. ஒருத்திகூட எந்த ரூம்லயும் எட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லல. ராத்திரி பூராம் பாத்த ஆளுகதான?"

என் பதினான்கு கேள்விகளில் இது இல்லை. தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

9.20க்குப் பரவையை விட்டோம். நாகமலை, செக்கானூரணி வழியாக உசிலம்பட்டிக்கு 41 கி.மீ. அக்காவுக்காக மெதுவாகவே வந்தோம். செக்கானூரணியில் இருபது நிமிடம் நிறுத்தி, ஃபிளாஸ்க் வெந்நீரில் கஞ்சி கரைத்துக் கொடுத்தேன். பாண்டி அண்ணனைப் பற்றி இங்கே எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் குரல் கொடுத்தார். "அக்கா, மேடு வருது. வயித்தைப் பிடிச்சுக்கங்க. ஆங், ஏறிட்டோம். எறங்கிட்டோம்." நோயாளியை அழைத்துப் போகிறவர்கள் வாடகை பேசும்போது இதையும் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டத் தெரிந்தவரைவிட சொல்லி ஓட்டுகிறவர் மேல்.

உசிலம்பட்டி வரும்போது 11.15. இரண்டாவது இல்லத்துக்கு அங்கிருந்து இன்னும் 9 கி.மீ. போய்விடலாம்தான். ஆனால் அக்காவுக்குப் பன்னிரண்டு மணி மாத்திரை, சாப்பாடு எல்லாம் முடித்துக் கிளம்பினால் ராகு காலத்தில் போய் இறங்குவோம். புதன்கிழமை 12 முதல் 1.30. நான் ஒன்றரை வரைக்கும் இருப்போம் என்றேன்.

"எனக்கு இனிமே ராகு என்ன செய்வான், கேது என்ன செய்வான்? எடத்தைக் காலி பண்ணப் போறவள்ட்ட வாடகையா கேக்கப் போறான்?" என்றாள் அக்கா.

"உனக்கு இல்லக்கா, எனக்கு" என்றேன். ஒரு மெஸ்ஸில் மூன்று பேர் சாப்பிட்டோம், 270 ரூபாய். மெஸ்காரர் அக்கா படுப்பதற்கு உள்ளே ஒரு கட்டிலையே ஒழித்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

இரண்டாவது இல்லம் எழுமலை போகிற சாலையில், ரோட்டிலிருந்து முந்நூறு அடி உள்ளே. சோளக்காட்டுக்கு நடுவில் பழைய அரிசி ஆலையின் குடோனைக் கட்டில் போட்டு மாற்றியிருக்கிறார்கள். பெயரை எழுதவில்லை, தெரிந்தவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே தெரியும். உசிலம்பட்டியிலிருந்து அங்கே வரை பதினோரு வேகத்தடைகள், கடைசி இரண்டும் மோசம். 1.50க்குப் போனோம். பன்னிரண்டு கட்டில், ஆறு ஆறாக இரண்டு கூடம். தனி அறை கிடையாது, ஏ.சி. கிடையாது. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. இல்லாதவர்களுக்கு இலவசம், முடிந்தவர்கள் மாதம் 9,000 கொடுக்கலாம், மருந்தும் அதில் அடக்கம்.

தலைமை நர்ஸ் கற்பகம் எங்களை உட்கார வைத்தார். நான் காலண்டர் தாளை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, வலி எப்பெப்ப வருது? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"ராத்திரின்னா பத்துக்கு ஏழு. பாஸு மார்க்குக்கு மேலதான்."

"இப்ப?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, "ஆறு" என்றாள். வண்டியில் அவ்வளவு சிரித்துக்கொண்டு வந்தவள். எனக்குத் தெரியவே இல்லை. நான் கேட்கவும் இல்லை.

மார்ஃபின் அங்கே இருக்கிறது. இரண்டு பூட்டுப் போட்ட அலமாரி, ஒவ்வொரு மாத்திரைக்கும் நோட்டில் பெயர், நேரம், கையெழுத்து. திறந்து காட்டினார். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் நேரில் வருகிறார், மற்ற நாளில் போனில். ராத்திரியில் ஒரு நர்ஸ், இரண்டு உதவியாளர்கள் என்றார். கூடத்தில் திருநீறு வைத்துக்கொள்ளலாம், விளக்கு மட்டும் ஏற்றக்கூடாது, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. வீட்டார் எந்த நேரமும் வரலாம், தங்கினால் சாப்பாடும் உண்டு. நோயாளிகளின் நகம் வெட்டியிருந்தது. தண்ணீர் டம்ளர் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. இந்த இரண்டும் என் பட்டியலில் மூன்றாவது, ஏழாவது.

குறையும் சொல்ல வேண்டும். தண்ணீர் உப்பு. கொசு உண்டு. குளியலறைக் கதவு 27 அங்குலம்தான், சக்கர நாற்காலி நுழையாது என்று வீட்டுக்காரர் டேப்பைக் காட்டினார். "தெரியும் சார், தூக்கித்தான் கொண்டு போறோம். வர்ற தைக்குள்ள இடிச்சுக் கட்டிருவோம்" என்றார் கற்பகம்.

இதற்கு நடுவில், சரியாக இரண்டு மணிக்கு டூட்டி மாறியது. முத்துலட்சுமி என்று ஒரு உதவியாளர், நாற்பது வயது இருக்கும், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தார். "போயிட்டு வாரேன்ம்மா." அடுத்த கட்டிலில், "போயிட்டு வாரேன்ண்ணே." அந்த அண்ணன் விடவில்லை. "நாளைக்கு லீவுன்னு நேத்தே சொன்ன. பொய்யா வாரேங்கிற?"

"நாளன்னைக்கு வாரேன். அதுவரைக்கும் மாத்திரையைத் துப்பாம இருங்க, போதும்."

கடைசிக் கட்டிலில் இருந்த பெரியவர் கண் திறக்கவில்லை. நினைவு இல்லை என்று பிறகு சொன்னார்கள். முத்துலட்சுமி அவர் காலைத் தொட்டு, குனிந்து, காதுக்குப் பக்கத்தில் "போயிட்டு வாரேன்ங்கய்யா" என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் வாசலுக்குப் போனார். இரண்டு கூடமும் முடிய ஆறு நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன்.

அக்கா என் முழங்கையைத் தட்டினாள். "எனக்கு இங்கனயே கட்டில் சொல்லிரு."

வெளியே வந்து வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் கொஞ்சம் சண்டை போட்டோம். 47 கி.மீ.க்கா, பஸ் மாறி வந்து சேர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகுமாமே, பரவை என்றால் தினமும் வருவேனே என்றேன்.

"நீ தினம் வரணும்னு யாரு கேட்டா? நீ வந்து பாக்குறதுக்கு நான் வலியோட கெடக்கணுமா?"

"அப்படிச் சொல்லாதக்கா."

"கோவிச்சுக்காத. ஞாயித்துக்கெழம வா. வந்தா முழு நாளும் இரு. இங்க சோறும் போடுறாங்கள்ல, உனக்குச் சமையல் மிச்சம்."

வீட்டுக்காரர் மெதுவாக, "அவுக சொல்றதுதான் சரி" என்றார். இரண்டு பேர் ஒரு பக்கம். பாண்டி அண்ணனைப் பார்த்தேன். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

உள்ளே போய்ப் பேசினோம். அடுத்த வாரம் ஒரு கட்டில் கிடைக்கும் என்றார் கற்பகம். "அடுத்த வாரம் வியாழக்கிழமை வரைக்கும் உங்க பேர்ல வெச்சிருக்கேன்மா. அதுக்கு மேல, கேட்டு வர்றவங்கள நிறுத்தி வைக்க முடியாது." கையில் இருந்த வலி மாத்திரையை எந்த நேரத்தில் எவ்வளவு கொடுப்பது என்று எங்கள் டாக்டரிடம் போனில் பேசி, அன்றைக்கே மாற்றி எழுதியும் கொடுத்தார். சேர்வோமா என்று இன்னும் சொல்லவில்லை, அதற்குள் செய்தார். அன்று ராத்திரி அக்கா ஐந்து மணி நேரம் தூங்கினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

மாலை 5.40க்கு வீடு வந்தோம். மொத்தம் 114 கி.மீ. வாடகை 2,600, பாண்டி அண்ணன் பேட்டா 300. வரும் வழியில் திருப்பரங்குன்றத்தில் கோபுரத்தைப் பார்த்துக் காரிலிருந்தே கும்பிட்டோம். படி ஏற அக்காவால் முடியாது, அவன் கோபிக்க மாட்டான்.

இப்படித் தேடி அலையப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முடிந்தால் நோயாளியையே அழைத்துப் போங்கள். முடியாவிட்டால், அங்கே இருப்பவர்கள் உங்களிடம் பேசுகிறார்களா, படுத்திருப்பவரிடம் பேசுகிறார்களா என்று பாருங்கள். மார்ஃபின் உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். டூட்டி மாறுகிற நேரம் பார்த்துப் போங்கள், காலை எட்டரை அல்லது மதியம் இரண்டு. ஏ.சி.யும் டைல்ஸும் நமக்காகப் போட்டவை. இதைச் சொல்லும்போது பரவை இல்லத்தைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். வலி குறைவாக, வயது காரணமாகப் படுத்திருப்பவர்களுக்கு அது நல்ல இடம்தான்.

நான் அக்காவுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். மனம் பெரும்பாலும் நிறைவாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. நாங்கள் பார்த்தது பகலில். அக்காவின் வலி ராத்திரியில் வருவது. எழுமலை சாலை இல்லத்தில் உங்கள் வீட்டார் யாராவது இருந்திருந்தால், நடுராத்திரியில் வலி என்று கூப்பிட்டபோது எவ்வளவு நேரத்தில் ஆள் வந்தார்கள், மாத்திரை கையில் கொடுத்தார்களா, விடியட்டும் என்றார்களா, இருந்ததை இருந்தபடி கீழே எழுதுங்கள். வியாழக்கிழமை காலை நாங்கள் பதில் சொல்ல வேண்டும். அதனால் புதன்கிழமை மாலைக்குள் எழுதிவிடுங்கள்.