பேக்கரிச் சந்தியில் மாமா

அம்மாவுக்குச் சைக்கிளோட்டப் போட்டி என்றால் பைத்தியம் என்று பள்ளிக்கூடம் முழுவதும் பரப்பியவள் நான்தான். எட்டு வயதில் நான் பரப்பிய மற்றச் செய்திகளைப் போல இதற்கும் என்னிடம் கண்ணால் கண்ட சாட்சி இருந்தது. ஜூலை மாதத்துக் குளிரில், ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில், ஹீட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே போர்வையைச் சுற்றிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பார். பிரான்சைச் சுற்றி மூன்று கிழமைக்கு, இருபது நாளுக்கும் மேல், நடக்கிற போட்டி அது. அங்கே அவர்கள் மலையேறும்போது இங்கே நாங்கள் நித்திரையில் இருப்போம். அடுத்த நாள் பின்னேரம் அதைச் சுருக்கிக் காட்டுவார்கள். எனக்குரிய கார்ட்டூன் நேரமும் அதுதான் என்பதால் அந்தப் போட்டியின் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து வீட்டு அங்கிள். மலேசியாவிலிருந்து வந்தவர். சனிக்கிழமை காலையில் உடம்போடு ஒட்டிய உடுப்பைப் போட்டுக்கொண்டு ஹில்ஸ்பரோ ஏற்றத்தில் சைக்கிள் மிதித்துவிட்டு வருவார். அந்தக் கோலத்தில் அவர் வேலியோரம் நின்று பேசினால் அப்பா வானத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். ஒரு நாள் தேநீர் குடிக்க வந்தவர், அந்த வருடத்துப் போட்டி போகும் வழியைத் தன் போனில் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, "அக்கா, உங்க தம்பி இருக்கிற ஊருக்கு என்ன பேரு சொன்னீங்க?" என்றார்.

அம்மா சொன்னார். அங்கிள் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு போனைத் தூக்கிப் பிடித்தார். "அட, அந்த ஊர் நடுவுல தான் போறாங்க! டிவியில பாத்துடலாம் லா!"

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மாவை விட மிகவும் இளையவர். அம்மா கடைசியாகக் கண்டபோது அவருக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லையாம். போர்க்காலத்தில் எங்கெல்லாமோ அலைந்து கடைசியில் பிரான்சில் ஒரு சின்ன ஊரில் போய் நின்றார். அங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. எனக்கு மாமா என்றால் தொலைபேசியில் வருகிற குரல், அவ்வளவுதான். "விசா இன்னும் சரிவரேல்லை அக்கா" என்று அந்தக் குரல் ஒவ்வொரு முறையும் சொல்லும். விசா என்பது காய்ச்சலைப் போல ஒன்று, மாமாவுக்கு அது சீக்கிரம் சுகமாகிவிடும், பிறகு விமானம் ஏறி வருவார் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கே அம்மா தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து, உத்தரவு போட்டார்.

"தம்பி, அண்டைக்கு நீ ரோட்டுக் கரையில நிக்கவேணும். நான் அனுப்பின நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு நில். எங்க நிப்பாய்?"

"எங்கயெண்டா..." என்று மாமா இழுத்தார். எங்கே நிற்பது என்று யோசிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"பேக்கரிக்கு முன்னால அக்கா. சந்தி வளையிற இடத்தில."

"கையைக் காட்டு, என்ன?"

"ஓம் அக்கா. காட்டுறன்."

அந்த நீலச் சேட்டு, ஒரு முழுக்கைச் சட்டை, த்ரீ கிங்ஸ் கடையொன்றில் மலிவு விற்பனையில் வாங்கியது. தம்பி இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தெரியாமல், அம்மா அதை அப்பாவின் முதுகில் வைத்துப் பார்த்து, "இவரைவிட ஒரு சாண் உயரம்" என்று தன் பாட்டில் முடிவு செய்து, பார்சலில் அனுப்பியிருந்தார்.

மாமாவின் ஊர் இரண்டாவது கிழமையில்தான் வரும். ஆனால் அம்மா முதல் நாளிலிருந்தே பார்க்கத் தொடங்கினார். கண் பழகவேண்டாமா என்றார். வெளியே மழை தூறிக்கொண்டிருக்கும், யன்னல் கண்ணாடி வியர்த்து வழியும், உள்ளே தொலைக்காட்சியில் சூரியகாந்தித் தோட்டம் வெயிலில் எரியும். அங்கிள் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்வார். ஒரு குழுவில் ஒருவன்தான் வெல்வதற்காக ஓடுகிறான், மற்றவர்கள் அவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவனுக்கு முன்னால் போய்க் காற்றைத் தாங்குவார்கள் என்றார். அம்மா அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தத் தண்ணி குடுக்கிற பிள்ளையளின்ர தாய்மார் எதைப் பாக்கிறவை?" என்றார். யாராவது விழுந்தால் அம்மா "ஐயோ, என்ர பிள்ளை" என்று எழுந்துவிடுவார். எந்த நாட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அந்த நாள் வந்தது. அம்மா தலைக்கு முழுகிச் சாமி விளக்கு ஏற்றினார். அப்பா ஈஸ்ட் டாமாக்கிப் பக்கம் இருந்த வேலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். "எல்லாம் ராத்திரியே முடிஞ்சுதப்பா, இப்ப விளக்கு வைச்சு என்ன?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னும் நடக்கேல்லைத்தானே" என்றார் அம்மா.

மாமாவுக்குப் பிடித்த ரோல்ஸ் ஒரு தட்டு நிறைய இருந்தது. அங்கிள் ஒரு தட்டில் கறிபஃப் கொண்டுவந்தார். யாரும் எதையும் தொடவில்லை, என்னைத் தவிர. மேலிருந்து ஹெலிகாப்டர் ஒரு தேவாலயக் கோபுரத்தைக் காட்டியது, பிறகு ஓட்டுக் கூரைகள், பிறகு தெரு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள்கள் கொட்டிவிட்ட கடலைபோல அந்தத் தெருவில் உருண்டு போயின. அவ்வளவுதான், அடுத்து வயல்வெளி வந்துவிட்டது.

அப்பா பதிவைப் பின்னுக்கு ஓட்டினார். நிறுத்தினார். மறுபடியும் ஓட்டினார். ஒரு வளைவு, சிவப்புப் பந்தல் போட்ட ஒரு கடை, அதன் முன்னால் தலைகள். அம்மா எழுந்து போய்த் தொலைக்காட்சியில் விரலை வைத்தார்.

"இந்தா, என்ர தம்பி நிக்கிறான்."

விரலுக்குக் கீழே ஏதோ நீலமாக இருந்தது. அங்கிள் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஆமாக்கா, நீலம்தான்" என்றார். அப்பா தொலைக்காட்சியைப் பார்க்கவே இல்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம், அவன்தான்" என்றார். எனக்கோ அது குப்பைத்தொட்டி போலத்தான் தெரிந்தது. அதை நான் ஆங்கிலத்தில் உரத்துச் சொல்ல வாயெடுத்தபோது அப்பா என் காலை மிதித்தார்.

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. மாமாவுக்கு அது காலை, வேலைக்குப் போகுமுன் எடுத்திருந்தார்.

"கண்டனான் தம்பி! வடிவாக் கண்டனான்! கையைக் காட்டினாய், என்ன? சேட்டு உனக்கு அளவா இருக்கு."

மாமா இந்த முறையும் இழுத்தார். பிறகு, "ஓம் அக்கா. அளவா இருக்கு" என்றார்.

"கொஞ்சம் மெலிஞ்சுபோனாய்."

"இல்லையக்கா. சாப்பிடுறன்."

தொலைபேசியை வைத்த பிறகு அம்மா எல்லோருக்கும் ரோல்ஸ் பரிமாறினார். நான் மட்டும் குழம்பிப்போய் இருந்தேன். மாமாவே ஒத்துக்கொண்டுவிட்டார், ஆகவே அது குப்பைத்தொட்டி இல்லை, ஆகவே பழுது என் கண்ணில்தான். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கண் தெரியவில்லை என்று அழுதேன். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். கடைசி வரியில் இருந்த கடுகளவு எழுத்தைக்கூட நான் கடகடவென்று வாசித்ததைக் கேட்டு, பரிசோதித்த பெண் சிரித்துவிட்டாள். காரில் ஏறியதும், பிறகு ஏன் அழுதாய் என்று அப்பா கேட்டார். மாமா எனக்குக் குப்பைத்தொட்டி மாதிரித் தெரிந்தார் என்றேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சிரித்து முடிந்ததும், காரை எடுக்குமுன் என் பக்கம் திரும்பினார். "அம்மாட்டைச் சொல்லாத" என்றார்.

மாமாவுக்கு விசா சுகமாகி அவர் ஆக்லாந்துக்கு வந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விமான நிலையக் கதவு திறந்து, தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். நீலச் சேட்டுப் போட்டிருந்தார். கடையில் மடித்த கோடுகள் நெஞ்சிலும் வயிற்றிலும் இன்னும் அழியாமல் இருந்தன. சேட்டின் கைகள் நீண்டு விரல்வரைக்கும் தொங்கின. மாமா அம்மாவின் தோள் உயரம்தான் இருந்தார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார், நாங்களும் அழுதோம். பிறகு அம்மா அந்தச் சேட்டுக் கையை மெதுவாக மடித்துவிட்டு, "அளவாத்தான் இருக்கு" என்றார்.

அன்று பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமாவிடம் அந்தப் பேக்கரிச் சந்தியைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க பிள்ளை போறது? அண்டைக்கு ஊர் முழுக்கப் பொலிஸ். விசா இல்லாதவன் போய் அதுக்குள்ள நிக்கேலுமோ? நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்குக் கீழ, நிலவறையில வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தனான். மேல சனம் கத்துற சத்தம் கேட்டது." கையைத் துடைத்துக்கொண்டார். "அக்கா கண்டனான் எண்டு அவ்வளவு சந்தோசமாச் சொன்னவ. பிறகு நான் எப்பிடி இல்லையெண்டுறது?"

பாவம் அம்மா, ஏமாந்துபோனார் என்று மாமா இன்றைக்கும் நினைக்கிறார். நானும் அப்படியே நினைத்திருப்பேன். ஆனால் அந்த வருடத்துப் போட்டியின் மிச்ச நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மாமாவின் ஊர் கடந்துவிட்டது, இனிக் கார்ட்டூன் பார்க்கலாம் என்று ஆசையோடு ஓடி வந்தால், அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கேயே இருந்தார். பாரிசில் போட்டி முடியும்வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் இருந்தார். சைக்கிள்கள் நடுவே போய்க்கொண்டிருக்கும், அம்மாவின் கண் தெருக்கரையில் இருக்கும். ஏதாவது ஒரு வளைவு வந்து அங்கே சனம் கூடி நின்றால் படத்தை நிறுத்திவிட்டு முன்னால் குனிவார். பிறகு மறுபடியும் ஓடவிடுவார்.

தம்பியைக் கண்டுவிட்ட அம்மா, அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஊரின் சந்தியிலும் யாரைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அவர் வெல்கிறவனைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, முதலில் ஓடுகிறவன் போடுகிற மஞ்சள் நிறத்தில் ஒரு டீசேட்டை, பழைய உடுப்பு விற்கிற கடையில் அப்பாவைக் கொண்டு வாங்குவித்து, அம்மாவின் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன்.