கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவள்

தொண்ணூறுகளில், வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ இல்லாமல் இத்தாலியின் பலேர்மோவில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு வியாழன், அரைநாள் லீவில் தோழி ஜெசிந்தாவோடு வியா மக்வேதா தெருவில் நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. திறந்திருந்த ஒரு பெரிய கட்டடத்துக்குள் ஓடினோம்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஓர் எலும்புக்கூடு கிடந்தது. இந்த ஊர்க் கோயில்களில் புனிதர்களின் எலும்புகளை இப்படித்தான் வைத்திருப்பார்கள். நான் உடனே முழந்தாளிட்டு, பெர்மெஸ்ஸோ கிடைக்க வேண்டுமென்று மன்றாடத் தொடங்கினேன்.

"அக்கா, எழும்புங்கோ! இது கோயில் இல்லை, மியூசியம்!" என்று ஜெசிந்தா என் தோளை உலுக்கினாள். அதற்குள் சீருடை போட்ட காவலர் வந்துவிட்டார். பொலிஸைக் கூப்பிடப்போகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

அவரோ தொப்பியைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னவாமடி?"

"இவ புனிதர் இல்லையாம், பல ஆயிரம் வருசத்துக்கு முந்தின பொம்பிளையாம். இவவுக்கு முன்னாலை ஒருத்தரும் செபிச்சதை அவர் காணேல்லையாம். ஆறுதலா முடிச்சிட்டு எழும்பட்டாம்."

நான் திரும்பவும் கண்ணை மூடினேன். பெர்மெஸ்ஸோவைக் கேட்கவில்லை. பேர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு, செத்தவர்களுக்காகக் கேட்கும் நித்திய இளைப்பாற்றியைக் கேட்டேன். பலேர்மோவுக்கு வந்தபிறகு, ஒரு சீருடைக்குப் பக்கத்தில் நான் நடுங்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.