ஜீவமணியக்காவின் உப்புக் கணக்கு

குழம்பு ஊற்றிய பிறகும் ஜீவமணியக்கா இலையை விட்டு நகரமாட்டார். கரண்டியோடு நின்று நம் தம்ளரைப் பார்ப்பார். முதல் பிடிச் சோற்றுக்கே தண்ணீரை எடுத்தால் உப்பு கூடிவிட்டது. இலை ஓரத்து உப்பைத் தொட்டால் குறைந்துவிட்டது. இரண்டும் இல்லையென்றால் அடுத்த இலைக்குப் போவார்.

மில்லர்புரத்தில், வீட்டு முன்னறையிலேயே மெஸ். மதியம் மட்டும்தான். ஹார்பர் லாரிக்காரர்கள், என்னைப் போன்ற ஆபீஸ்காரர்கள் வருவோம். மார்பில் ஆபரேஷன் முடிந்து கீமோ ஏற்றத் தொடங்கியதிலிருந்து அக்காவின் நாக்கு செத்துக் கிடக்கிறது. "எதத் தின்னாலும் துருப்பிடிச்ச ஆணியச் சப்புத மாதிரில்லா இருக்கு. மருந்து முடிஞ்சா சரியாயிருமுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. அதுவர ஃபேனப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கவா?"

முடி கொட்டிய தலையில் மகளின் துப்பட்டா. கரண்டி பட்டாலே வாய் கசக்கிறதென்று தனக்கு மட்டும் பிளாஸ்டிக் ஸ்பூன். நார்த்தங்காய் ஊறுகாய் ஒன்றுதான் இன்னும் நார்த்தங்காயாகவே இருக்கிறதாம். சோறு வடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்து, மூச்சு வாங்குவார். வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை. வீட்டுக்காரர் ஏசுவடியானிடம் உப்புப் பார்க்கச் சொன்னால் எதற்கும் "நல்லாத்தானே இருக்குளா" என்பார். "அந்த மனுசனுக்கு உப்பும் தெரியாது, சப்பும் தெரியாது. அதான் ஒங்க தம்ளரப் பாக்கேன்" என்று எங்களிடமே சொல்லிவிட்டார்.

சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து நாங்கள் தண்ணீரைத் தொடவில்லை. நோயாளி மனசு நோகக் கூடாதாம். சீலா மீன் குழம்பு கடல்தண்ணீராய்க் கரித்த நாளிலும் நல்ல பிள்ளைகளாய் விழுங்கினோம். எங்களை நம்பி அவர் மறுநாளும் அதே அளவு போட்டார். புதிதாய் வந்தவர்கள் திரும்பி வரவில்லை. பழையவர்களும் ஒவ்வொருவராய் வராமல் நின்றார்கள்.

"சீக்காளி கையால திங்க ஆளுவளுக்குக் கூசுது போல. மெஸ்ஸ மூடிர வேண்டியதுதான்" என்றார் ஒருநாள், இலையைப் பார்த்துக்கொண்டே. அப்போதும் நான், குழம்பு நன்றாக இருக்கிறதென்றே சொல்லி, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

நேற்று லாரி டிரைவர் வன்னியபெருமாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவப் போகிறவன் போல வாசலுக்குப் போனான். குழாயைத் திறந்து, கையில் ஏந்தி மடமடவென்று குடித்தான். நிமிர்ந்தால், எதிரே அக்கா. அவர் திரும்பி உள்ளே எங்கள் தம்ளர்களைப் பார்த்தார். ஒன்றில்கூடத் தண்ணீர் குறையவில்லை.

"எத்தன நாளாலே இப்படி?"

"நீங்க வருத்தப்படுவியன்னுதான்க்கா..."

"என்னயக் கண்டு அருவருக்காவன்னுல்லா நெனச்சுக்கிட்டு கெடந்தேன், பாவிப்பயலே!"

அடுப்படிக்குப் போனார். கொதிக்கிற ரசத்தைக் கரண்டியில் மொண்டு, ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே வந்தார். வன்னியபெருமாளின் ஈரக்கையைப் பிடித்துத் திருப்பி, உப்புப் பார்க்கச் சொல்லி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். விட்ட பிறகும் அந்தக் கையை விடவில்லை.