தர்மு அண்ணையின் முழங்கால்

தர்மு அண்ணை போய்விட்டார். காலையில் அவருடைய மகன் சுதன் போன் எடுத்துச் சொன்னான்... புரொஸ்டேட் புற்றுநோய். இதை இங்கே என் பக்கத்தில் எழுதலாமோ என்று அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மிட்சம் என்கிற எங்கள் ஊரில் ட்ராம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மூலைக்கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டுப் பால், பாண், கறிவேப்பிலை எல்லாம் இருபது வருடமாக அவர் கையால்தான் வந்தது.

சனிக்கிழமை நான் கடைக்குள் கால் வைத்ததும், "தங்கச்சி, செய்தியை வாசியுங்கோ" என்பார். என் பேரப்பிள்ளைகளின் செய்தி. இந்தக் கிழமைச் செய்தியை அவர் கேட்கவில்லை, ஆகவே இங்கே வாசிக்கிறேன்.

மூத்தவள் ஆரணி மெடிசின் இரண்டாம் ஆண்டு பாஸ். அவளுடைய தம்பி டிரைவிங் டெஸ்ட் முதல் தடவையிலேயே பாஸ். மகனுடைய மகள் நீச்சலில் பள்ளிக்கூடத்தில் முதலாவது. கடைக்குட்டி பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைப் பார்க்காமல் சொல்கிறான்.

இவ்வளவும்தான் அண்ணை.

மூன்று வருடத்துக்கு முன்னர் அவருடைய கடைக் கதவில் ஓர் அட்டை தொங்கத் தொடங்கியது. 'ஐந்து நிமிடத்தில் வருவேன்.' முதலில் நாளுக்கு ஒரு தரம், பிறகு மணிக்கு ஒரு தரம்... நாங்கள் மழையில் நிற்போம்.

"என்ன அண்ணை, பின்னுக்கு வேறை கடை ஏதும் திறந்திட்டியளோ?" என்று கேட்டேன். வெளியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு ஒருநாள், "உடம்பு சரியில்லைத் தங்கச்சி, ஜீபி டாக்டரிட்டைப் போகோணும்" என்றார். என்ன வருத்தம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிட்டார். கடை ஆங்கிலம் அவருக்குத் தாராளம், டாக்டருக்கு முன்னால் ஒரு சொல்லும் வராது. மனைவி இல்லை. சுதன் பேர்மிங்காமில்.

நான்தான் சொன்னேன். "எங்கடை ஆரணி வருவாள் அண்ணை. அவள் இங்கிலிஷ் கதைச்சா வெள்ளைக்காரரே எழும்பி நிண்டு கேப்பினம்."

"வேண்டாம், பிள்ளைக்குப் படிப்பு இருக்கு" என்றார். நான் விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்... என் பேத்தி டாக்டரோடு சரிக்குச் சரி கதைப்பதை நாலு பேர் அறியட்டும் என்று ஆசை.

மூன்று பேரும் போனோம். நான் வெளியில் இருந்தேன். பத்து நிமிடத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

"முழங்கால் நோவாம் அம்மம்மா. பூச ஜெல் எழுதித் தந்திருக்கினம். தாத்தா சொன்ன எவ்ரிதிங்கும் நான் சொன்னனான்."

அண்ணை சொன்னதெல்லாம் அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

வாசலில் வைத்து இரண்டு பேரையும் படம் எடுத்தேன். அண்ணை ஒரு கையை முழங்காலில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். 'டாக்டராகப் போகிற என் பேத்தி, முதல் நோயாளியோடு' என்று அன்றே இங்கே போட்டேன். உங்களில் எத்தனையோ பேர் லைக் போட்டீர்கள்.

ஜெல் கல்லாப் பக்கத்தில் பிரிக்காமலே கிடந்தது. கதவில் அட்டை தொங்கியபடிதான் இருந்தது. முழங்கால் நோவுக்கு உள்ளே போய் இருக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. முதுகு நோ, பிறகு சிறுநீரோடு இரத்தம்... சுதன் வந்து கூட்டிக்கொண்டு போனான். இரத்தப் பரிசோதனை, ஸ்கான், சதை எடுத்துப் பார்த்தது எல்லாம் முடிய, புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் இவரும் போனோம். 'இவர்' என்பது என் வீட்டுக்காரர்.

"உங்களுக்குச் சலம் போறதிலை கரைச்சல் எண்டு அண்டைக்கே ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"தங்கச்சி, தள்ளுவண்டிலுக்கை இருந்து என்னட்டை லொலிபொப் கேட்ட பிள்ளை அவள். அவளுக்கு முன்னாலை அந்தக் கதையை எந்த வாயாலை சொல்லுறது? முழங்கால்தான் மரியாதையா இருந்துது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் கொண்டுபோன பழப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார். "மச்சான், நீ டாக்டரிட்டைப் போகேக்கை வீட்டுப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகாதை. டெலிபோனிலை கதைக்கிற மொழிபெயர்ப்பாளரைக் கேள். ஆம்பிளையா வேணும் எண்டு சொல்லு. முகம் தெரியாதவனோடை என்ன வெக்கம்?"

இவரும் சலத்துக்கு அடிக்கடி எழும்பிப் போகிறவராம்... எனக்கே சொன்னதில்லை. அடுத்த கிழமை தனியாகப் போய், டெலிபோன் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். இரத்தம் எடுத்தார்கள், டாக்டர் கையுறை போட்டுப் பின்பக்கத்தால் விரல் விட்டும் தடவிப் பார்த்தார். ஸ்கானும் முடிந்தது. சுரப்பி பெருத்திருக்கிறது, புற்றுநோய் இல்லை, குளிசை போதும் என்று கடிதம் வந்தது.

அதை என்னிடம் சொல்ல முதல் அண்ணைக்குத்தான் போன் எடுத்தார். "அரை நிமிசம் அண்ணை, விரல் விட்டுப் பாத்தது அரை நிமிசந்தான்!" என்று கத்தினார். மறுபக்கம் அண்ணை சிரிப்பது அடுக்களை வரைக்கும் கேட்டது.

இன்று காலை ஆரணிக்குச் செய்தி சொன்னேன். "ஓகே அம்மம்மா" என்றாள். பிறகு பார்த்தேன்... அந்தப் படத்தைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள். நானும் எடுத்துவிட்டேன்.

போயிட்டு வாங்கோ அண்ணை. கதவிலை அட்டை போட வேண்டாம், நாங்கள் நிற்க மாட்டோம்.

தம்பி சுதன்... நீ மரண அறிவித்தலில் போட்டிருப்பதும் அந்தப் படம்தான். ஆரணியை வெட்டியிருக்கிறாய், அவளுடைய தோள் ஓரத்தில் தெரிகிறது. கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற படம் ஒன்று உன்னிடம் இருக்கும். அதைப் போடு ராசா. முழங்காலில் கை வைக்காத படம்.